ஒன்பது சதவீதம்

வாசல் நிலைக்கல்லில் 1704 என்று செதுக்கியிருக்கிறது.
செதுக்கியவன் நான்கைத் தலைகீழாகச் செதுக்கிவிட்டான்.
அதுவும் பாரம்பரியம்தான், தொடக் கூடாது என்றார்
கார்டிஃபிலிருந்து வந்த அதிகாரி.
வேல்ஸ் மலையின் இந்த மடிப்பில்
மாட்டுமந்தை ஓட்டிப் போனவர்கள் இராத் தங்கிய விடுதி;
இப்போது சைக்கிள்காரர்களும் நனைந்த நாய்களும்
மாதம் மூவாயிரம் பவுண்டு மின்கட்டணமும் தங்குகின்றன.

சாலையிலிருந்து தெரியக் கூடாது,
தேவாலயத்திலிருந்து தெரியக் கூடாது,
முன்கூரை ஸ்லேட்டில் ஒரு துளைகூட விழக் கூடாது.
கடைசியில் இரண்டு கூரைகளுக்கு நடுவே
பருந்துக்கு மட்டும் தெரிகிற சரிவு ஒன்று அகப்பட்டது.

அங்கே வௌவால்கள் குடியிருந்தன.
நாற்பத்தொன்று. எண்ணுவதற்கென்றே படித்த ஒரு பெண்
மடக்கு நாற்காலியில் மூன்று அந்திகள் உட்கார்ந்து எண்ணினாள்.
குட்டிகள் பறக்கும்வரை சாரம் கட்டக் கூடாது; சட்டம்.
வாடகை தராதவர்களுக்காக
ஒரு கோடையைத் தாரை வார்த்தேன்.
எங்கள் ஊர்க் கோடை
அப்படி அள்ளிக்கொடுக்கிற அளவுக்கு இருப்பதில்லை.

"சூரியனா? இங்கேயா?" என்று
மதுக்கூடத்து மூலையிலிருந்து சிரித்தார் ஐவர் கெத்தின்.
"மழையைப் பிடிக்கிற தகடு வந்தால் சொல், டெக்வென்,
நானே பங்கு போடுகிறேன்."
சிரிப்பு இருமலில் முடிந்தது.
அவருக்கு எல்லாமே இருமலில்தான் முடியும்.
என் கூரைக்கும் அவர் நுரையீரலுக்கும்
ஒரே குவாரி.

அக்டோபரில் ஹெலெத் வந்தாள்,
கம்பிச்சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு.
வந்ததும் நிலவறை உத்தரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டாள்.
முந்நூறு வருடமாக எல்லாரும் இடித்துக்கொள்கிற உத்தரம்;
அந்த இடம் மட்டும் வழவழவென்றிருக்கும்.
பீப்பாய்கள் உருண்ட கல்தரையில்
மூன்று வெள்ளைப் பெட்டிகளை நிறுத்தினாள்.
ஒரே கல்யாணத்துக்கு வந்து
ஒருவரையொருவர் தெரியாத விருந்தாளிகள் மாதிரி நின்றன.

பிப்ரவரியில் காற்று வந்தது.
பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே இமைப்பில் அணைந்தது.
எங்கள் விளக்குகள் ஒருதரம் கண்சிமிட்டிவிட்டு எரிந்தன.
பெருமைப்பட அரைமணி கிடைத்தது.

பிறகு கதவு திறந்தது.
பக்கத்துப் பண்ணையின் டிராக்டரிலிருந்து இறங்கி
ஐவர். மார்போடு அணைத்த ஆக்சிஜன் இயந்திரம்,
அது நனையாமலிருக்கத் தன் மேல்கோட்டைப் போர்த்தி.
வணக்கம் இல்லை, வம்பு இல்லை.
"எந்தப் பிளக்?" என்றார்.

அறுபத்தொன்று என்றது நிலவறைத் திரை.
பனிக்கட்டி இயந்திரத்தை அணைத்தேன்.
ஐம்பத்திரண்டு.
பீர் குளிரூட்டி, வாசல் பலகை விளக்கு, என் மெத்தைச் சூடு.
சைக்கிள்காரர்கள் யாரும் சொல்லாமலே
அறைச் சூடேற்றிகளை நிறுத்திவிட்டுப்
போர்வையோடு கணப்படுப்பைச் சுற்றி வந்து படுத்தார்கள்.
முப்பத்தெட்டு.
அந்த இயந்திரம் கொஞ்சமாகத்தான் குடிக்கிறது,
ஆனால் விடாமல் குடிக்கிறது,
அவரைப் போலவே.

மூன்று மணிக்கு இருபத்திரண்டு.
ஏறி இறங்கி, ஏறி இறங்கி
நானும் அந்த உத்தரத்தில் இடித்துக்கொண்டேன்;
நடை பழகிய நாளிலிருந்தே
அங்கே குனியத் தெரிந்தவள்.

விடிந்தது என்று சொல்ல முடியாது.
இருட்டில் யாரோ பால் கொட்டியதுபோல் ஒரு வெளுப்பு.
ஒன்பது.
ஒன்பது.
வெகுநேரம் ஒன்பது.
எட்டு நாற்பதுக்குத் திரையின் ஓரத்தில்
ஓர் அம்புக்குறி பெட்டிகளை நோக்கித் திரும்பியது:
மழைக்குள்ளிருந்து இருநூறு வாட்.

மூக்கிலிருந்து குழாயை எடுக்காமலே
ஐவர் கேட்டார்:
"வௌவால்களுக்கு இதில் எத்தனை பங்கு?"

பதில் சொல்லவில்லை. முட்டை பொரிக்கப் போனேன்,
எரிவாயு அடுப்பில்தான்.
கதவிடுக்கு வழியே தெரிந்தது:
நனைந்த கோட்டின் ஒவ்வொரு பையாக
அவர் பணப்பையைத் தேடிக்கொண்டிருந்தார்.